பாவித்த கமராவைத் தெரிந்தெடுத்தல்



படச்சுருள் இட்டுப் படம் பிடிக்கும் பழக்கம் அடியோடு ஒழிந்துவிடும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பலர் துணிந்து கூறினர். அவ்வாறு நிகழவில்லை. கையிலுள்ள தொலைபேசியே கணத்துக்கொரு படம் பிடித்துத் தரும் இக்காலத்திலும், 36 படங்கள் என்னும் எல்லைக்குள் தம் கண்ணையும் மனத்தையும் ஒடுக்கி, ஒவ்வொன்றையும் எண்ணிப் பிடிக்க விரும்புவோர் உலகெங்கும் இருக்கின்றனர். கொடாக், இல்போர்ட் என்னும் பெயர்களிலே படச்சுருள்கள் இன்றும் உற்பத்தியாகி வருகின்றன. ஆனால், அவற்றை இடுவதற்குரிய சிறந்த கமராக்களைச் செய்தோரிற் பெரும்பாலானோர் அவ்வேலையை விட்டுவிட்டனர். கனன் நிறுவனம் தன் இறுதிப் படச்சுருட் கமராவின் விற்பனை முடிந்ததென 2018 இல் அறிவித்தது. நிக்கோன் நிறுவனம் தனது எஃப் 6 கமராவை 2020 இல் நிறுத்தியது. ஆகவே, இத்துறையில் ஒரு படி மேலேற விரும்புபவர், பெரும்பாலும் பிறர் பாவித்த கமராவையே நாடவேண்டியவராகின்றார்.

ஏற்கெனவே ஓர் எளிய எஸ்.எல்.ஆர். கமராவை வைத்துப் பழகியவர், அதனிலும் மேம்பட்ட ஒன்றைப் பாவித்த கமராக்களுள் எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். வில்லையை நீக்கிய வெறுங் கமராவை, அதாவது கமராவின் உடல் என்று வழங்கும் பகுதியை, வாங்குவது பற்றியே விசேடமாகக் கூறுவேன்.

பழைய கமரா ஒன்றை வாங்குவதில் இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பழைய மிதிவண்டியை வாங்கினால், அதன் குறை முதல்நாட் பயணத்திலேயே தெரிந்துவிடும். பழைய வானொலிப் பெட்டியை வாங்கினால், திருகிய மாத்திரத்திலேயே தெரிந்துவிடும். படச்சுருட் கமராவின் குறையோ அவ்வாறு உடனே வெளிப்படுவதன்று. பிடித்து முடித்து, சுருளை இருட்டறைக்கு அனுப்பி, கழுவி எடுத்த பின்னரே அது தன்னைக் காட்டும். அதற்குள், பிடிக்கவேண்டிய காட்சி கடந்து போயிருக்கும். கொடுத்த பணத்தை மீண்டும் உழைத்துச் சம்பாதிக்கலாம். தமக்கையின் கழுத்தில் தாலி ஏறிய கணத்தையும், பாட்டனார் கடைசியாக முற்றத்தில் அமர்ந்திருந்த மாலைப்பொழுதையும் மீண்டும் பெறல் இயலாது. இதனாலேதான் பாவித்த கமராவை வாங்குபவருக்கு நிதானம் வேண்டும் என்கிறோம்.

முதலில், கமராவின் உடல் என்ன வேலையைச் செய்கின்றது என்பதைத் தெளிந்துகொள்வோம். எஸ்.எல்.ஆர். என்பது, படம் பிடிக்கும் வில்லையின் வழியாகவே நாமும் காட்சியைப் பார்க்கும் கமரா. வில்லையினூடாக வரும் ஒளி, உள்ளே 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஆடியிற் பட்டு மேலே தெறித்து, தேய்த்த கண்ணாடித் தட்டில் விழுகின்றது. அதற்கு மேலுள்ள அரியம் அக்காட்சியை நேராக்கி நம் கண்ணுக்குத் தருகின்றது. பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலெழும். பின்னாலுள்ள ஷட்டர் குறித்த நேரம் திறந்து மூடும். ஒளி படச்சுருளிற் படியும். ஆடி மீண்டும் கீழிறங்கும். இவ்வளவே.

இந்த அமைப்பு ஒரே நாளில் உண்டானதன்று. ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் 1936 இல் வெளிவந்த கினே எக்ஸக்டா, 35 மி.மீ. படச்சுருளைக் கொண்ட தொடக்ககால எஸ்.எல்.ஆர். கமராக்களுள் புகழ்பெற்றது. அங்கேயே 1949 இல் வந்த கொன்டாக்ஸ் எஸ், நிமிர்ந்து நேராகப் பார்ப்பதற்குரிய ஐம்பக்க அரியத்தைத் தந்தது. யப்பானிய அசாகிபிளெக்ஸ் 1954 இல், படம் பிடித்தவுடன் தானே கீழிறங்கும் ஆடியைத் தந்தது. இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து முதிர்ந்த வடிவமாக 1959 இல் நிக்கோன் எஃப் வெளிவந்தது. அதற்குப் பின் வந்தவற்றுட் பெரும்பாலானவை வசதிகளே: வில்லையூடாக ஒளியளக்கும் மானி, தானே நேரத்தைக் கணிக்கும் ஏற்பாடு, தானே குவியம் பிடிக்கும் பொறி என்பன அவை.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய உண்மை யாது? கமராவின் உடல், ஒளி புகாத ஒரு பெட்டி; குறித்த நேரம் திறந்து மூடும் ஒரு கதவு. படத்தின் தெளிவையும் குணத்தையும் ஆக்குவது வில்லை. நிறத்தையும் மணியையும் தருவது படச்சுருள். மற்றது கண்ணும் கையும். ஆகவே, "என் படங்கள் தெளிவில்லை; இன்னும் உயர்ந்த கமரா வாங்கப் போகின்றேன்" என்று ஒருவர் கூறுவாராயின், தலையணையை மாற்றினால் தலைவலி தீருமா என்னும் பழமொழியைத்தான் அவருக்கு நினைவூட்டவேண்டும். கை நடுங்கினால் முக்காலி வேண்டும். வில்லை குறையுடையதாயின் நல்ல வில்லை வேண்டும். புதிய உடல் இவ்விரண்டையும் தாராது.

அப்படியாயின், உடலை மாற்றுவதற்கு நியாயமே இல்லையா? உண்டு. "இப்போதுள்ள கமரா எந்த இடத்தில் என் கையைத் தடுக்கின்றது?" என்று வாங்குபவர் தம்மைத் தாமே கேட்டு, அதற்குத் திட்டமான விடை கூறவேண்டும். அந்த விடையே அவருக்கு வழிகாட்டி.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பென்டாக்ஸ் கே 1000 என்னும் கமராவை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். 1976 இல் வெளிவந்து 1997 வரை உற்பத்தியான கமரா அது. புகைப்படம் பயிலும் மாணவர்கள் கையில் உலகெங்கும் தவழ்ந்தது. மின்கலம் இல்லாமலே இயங்கும். மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே வேண்டும். ஒரு செக்கன் முதல் 1/1000 செக்கன் வரையுள்ள வேகங்கள் அதில் உண்டு. அதனை வைத்திருக்கும் ஓர் அன்பர் மேலும் சிறந்த உடலை நாடுகின்றார் என்று கொள்வோம். அவர் குறை என்னவாயிருக்கலாம்?

"என் கமரா பாரமாயிருக்கின்றது, அதில் தாமத விசை இல்லை, குவிய ஆழத்தை முன்கூட்டிப் பார்க்கவும் வழியில்லை" என்பது அவர் குறையானால், அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்.எக்ஸ். என்னும் உடல் அவருக்குப் பொருந்தும். கே 1000 ஏறத்தாழ 620 கிராம் நிறையுடையது, எம்.எக்ஸ். ஏறத்தாழ 500 கிராம். இதன் பார்வைச் சாளரத்தில் காட்சி பெரிதாய்த் தெரிவதால், மூக்குக்கண்ணாடி அணியாதோர் குவியம் பிடிப்பது எளிதாகும். இதுவும் பொறிமுறையால் இயங்குவதே. ஆயினும், இதன் அதியுயர் வேகமும் 1/1000 செக்கனே என்பதை மறத்தலாகாது. வேகத்தை நாடி இதனை வாங்குபவர் ஏமாறுவார்.

"பிள்ளைகள் ஓடியாடும்போது ஊசியைப் பார்த்து அளவைத் திருத்துவதற்குள் காட்சி போய்விடுகின்றது" என்பது குறையானால், தானே நேரத்தைக் கணிக்கும் எம்.ஈ. சுப்பர் உதவும். துவாரத்தின் அளவை நாம் வைத்தாற் போதும். வேகத்தைக் கமரா தெரிவு செய்யும். 1/2000 செக்கன் வரை அது செல்லும். ஆனால், மின்கலம் தீர்ந்துவிட்டால் 1/125 செக்கன் என்னும் ஒரே வேகமும், பொத்தானை அழுத்தியிருக்குமளவும் திறந்திருக்கும் நிலையுமே எஞ்சும்.

"நண்பகல் வெயிலில் மணமக்களின் முகத்தில் விழும் நிழலை மின்னொளி விளக்கால் போக்க முடியவில்லை" என்பது மற்றொரு குறை. இதன் காரணத்தை அறிந்தால் மருந்தும் தெரியும். கே 1000 இன் ஷட்டர், துணியாலான இரு திரைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று தொடர்ந்து ஓடும் அமைப்பு. 1/60 செக்கனுக்கு மேற்பட்ட வேகங்களில், முதலாந் திரை முழுதும் திறக்குமுன்பே இரண்டாந் திரை மூடத் தொடங்கிவிடும். படச்சுருளுக்கு எதிரே ஒரு பிளவு மட்டுமே நகர்ந்து செல்லும். கணப்பொழுதில் மின்னும் விளக்கு, அந்தப் பிளவளவுக்கே ஒளி தரும். எனவே 1/60 க்கு மேற்செல்ல முடியாது. அந்த வேகத்தில் நண்பகல் வெயிலோ மிகையாகிவிடும். மேலிருந்து கீழாக ஓடும் உலோகத் தகட்டு ஷட்டர்கள் குறுகிய தூரத்தையே கடப்பதால், இந்த எல்லையை உயர்த்தின. எம்.ஈ. சுப்பரில் அது 1/125. நிக்கோன் எஃப்.எம். 2 இன் 1984 க்குப் பிந்திய வடிவத்தில் அது 1/250. இக்குறையை உடைய ஒருவருக்கு உடலை மாற்றுவது உண்மையான முன்னேற்றமாகும்.

இவ்விடத்திலே ஒரு தடை எழுகின்றது. நிக்கோன் உடலை வாங்கினால், பென்டாக்ஸ் வில்லைகளை என்ன செய்வது? இதுவே நான் கூறவிருக்கும் இரண்டாவது விடயம். உடல் தனியே வருவதன்று. ஒவ்வோர் உடலுக்கும் வில்லையைப் பூட்டும் வாய் ஒன்றுண்டு. மவுண்ட் என்று வழங்கும் அந்த வாய், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே, உடலைத் தெரிபவர் உண்மையில் ஒரு வில்லைக் குடும்பத்தையே தெரிகின்றார். கையில் மூன்று நல்ல வில்லைகள் இருப்பவர், அவற்றை ஏற்கும் உடலையே முதலில் தேடுதல் அறிவுடைமை. பென்டாக்ஸின் கே வாய் 1975 இல் வந்தது. ரிக்கோ, சினொன், கொசினா ஆகிய பெயர்களிலும் அதே வாயையுடைய உடல்கள் உண்டு. பெயர் சிறிதென்று அவற்றைத் தள்ளவேண்டியதில்லை.

ஒரே நிறுவனத்திற்குள்ளும் கண்ணிகள் உண்டு. நிக்கோனின் எஃப் வாய் 1959 முதல் மாறவில்லை என்பர். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. 1977 இல், வில்லையின் துவார அளவை உடலுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை நிக்கோன் மாற்றியது. அதற்கு முந்திய வில்லைகளைத் திருத்தியமைக்காமல் எஃப்.எம். 2, எஃப்.ஈ. 2 போன்ற உடல்களிற் பூட்டினால், உடலிலுள்ள சிறு நெம்பு சிதைந்துவிடும். அவற்றுக்கு முந்திய எஃப்.எம்., எஃப்.ஈ. என்னும் உடல்களில் அந்நெம்பை மடக்கி வைக்கலாம். ஆதலின் பழைய வில்லைகளை உடையவருக்கு, எண்ணால் தாழ்ந்த உடலே உயர்ந்ததாகின்றது. மறுபுறத்தில், தானே குவியம் பிடிக்கும் எஃப் 80 என்னும் உடல் 2000 ஆம் ஆண்டில் வந்தது. வருடத்தால் மிகவும் புதியது. எனினும், கையால் குவியம் பிடிக்கும் வில்லைகளைப் பூட்டினால் அதன் ஒளிமானி இயங்காது.

கனன் நிறுவனம் 1987 இல் எஃப்.டி. வாயைக் கைவிட்டு, ஈ.ஓ.எஸ். கமராக்களுக்கெனப் புதிய வாயைக் கொண்டுவந்தது. முன்னையது பின்னையதிற் பொருந்தாது. மினோல்டாவும் 1985 இல் அவ்வாறே மாற்றியது. பென்டாக்ஸிலோ, நிரலாக இயங்கும் சுப்பர் ஏ உடலின் முழுப்பயனைப் பெறவேண்டுமாயின், துவார வளையத்தில் ஏ என்னும் எழுத்துடைய வில்லைகள் வேண்டும். எனவே, உடலின் பெயரை மட்டும் கேட்டு வாங்காது, தம்மிடமுள்ள ஒவ்வொரு வில்லையும் அதிற் பூட்டப்படுமா, பூட்டியபின் மானி இயங்குமா, தானியங்கு வசதி கிட்டுமா என்று மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்.

மூன்றாவது விடயம், பொறிமுறையா மின்னியலா என்பது. மின்னியல் உடல்கள் வசதி மிக்கவை; அவற்றின் ஷட்டர் நேரமும் பொதுவாகத் துல்லியமானது. கனன் ஏ.ஈ. 1 என்னும் கமரா 1976 இல் வந்து பெரும் புகழீட்டியது. ஆனால், மின்கலம் இன்றி அது ஒரு படமும் பிடிக்காது. மின்கலத்தை வாங்கிக்கொள்ளலாம், உள்ளிருக்கும் மின்சுற்று பழுதுபட்டால் என் செய்வது? அதற்குரிய உறுப்புகளைச் செய்தோர் அவற்றைச் செய்வதை நிறுத்திப் பல்லாண்டுகளாகின்றன. பழுதான மற்றொரு கமராவிலிருந்து கழற்றி எடுப்பதே பெரும்பாலும் வழி. பொறிமுறைக் கமராவோ, தேர்ந்த திருத்துநர் கையில் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டுச் சீர்செய்யப்படக் கூடியது. எனவே, திருத்துநர் அருகில் இல்லாத ஊரில் வாழ்பவரும், ஒரே உடலை நெடுங்காலம் வைத்திருக்க எண்ணுபவரும் பொறிமுறையை விரும்புதல் நன்று. விரைவும் எளிமையும் வேண்டுபவர் மின்னியலைக் கொள்ளலாம். ஆனால், அது என்றோ ஒருநாள் திடீரென நின்றுவிடும் என்பதை மனத்திற்கொண்டு, அதற்கேற்ற விலையே கொடுக்கவேண்டும்.

மின்கலம் பற்றி மேலும் ஒரு சொல். 1960 களிலும் 1970 களிலும் வந்த பல கமராக்கள், 1.35 வோல்ற்று தரும் இரசக் கலங்களுக்கென அமைந்தவை. ஒலிம்பஸ் ஓ.எம். 1, மினோல்டா எஸ்.ஆர்.டி. 101 ஆகியவை அவ்வகையின. இரசம் நஞ்சாதலால் அக்கலங்கள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாக 1.5 வோல்ற்றுக் கலத்தை இட்டால் மானி பிழையான அளவைக் காட்டக்கூடும். இதற்கு மாற்றுவழிகள் உண்டு. காற்றுநாகக் கலத்தை இடலாம், அல்லது திருத்துநரிடம் மானியைச் சீர்செய்விக்கலாம். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்து எண்ணிக்கொள்ளல் வேண்டும்.

இனி, கமராவைக் கையில் எடுத்துச் சோதிக்கும் முறையைக் கூறுவேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். இது தானமன்று, ஆகையால் விற்பவர் முகத்தை நோக்கிக் கூச்சப்படாது பல்லைப் பிடித்தே பார்க்கவேண்டும். நல்ல விற்பனையாளர் அதனைத் தடுக்கமாட்டார்.

முதலாவதாக, வெளித்தோற்றம். தேய்ந்த வண்ணமும், மூலைகளில் தெரியும் பித்தளையும் குற்றமல்ல. அவை உழைத்த கமராவின் அடையாளம். ஆனால், அரியம் இருக்கும் மேற்பகுதியில் நெளிவு இருந்தால், அது கீழே விழுந்தது என்று பொருள். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால், பழக்கமற்ற கையொன்று உள்ளே புகுந்தது என்று பொருள். மின்கல அறையைத் திறந்து, பச்சை நிறமாகவோ வெண்ணிறமாகவோ பூத்திருக்கின்றதா என்று பாருங்கள். கலம் கசிந்து அரித்த கமராவில், அரிப்பு கம்பிவழியே உள்ளேயும் சென்றிருக்கக்கூடும்.

இரண்டாவதாக, பின்கதவு. கதவு பொருந்தும் பள்ளங்களிலும், ஆடி மோதும் இடத்திலும், ஒளி புகாமலும் அதிர்ச்சி தாங்கவும் மென்பஞ்சு ஒட்டியிருப்பர். ஆண்டுகள் செல்லச் செல்ல அது தார்போல உருகி ஒட்டும். அல்லது பொடியாய் உதிரும். ஏறத்தாழ எல்லாப் பழைய கமராக்களிலும் இது நிகழும். இதனை மாற்றுதல் பெருஞ்செலவன்று. மாற்றாதுவிட்டால் படங்களின் ஓரத்தில் ஒளிக்கீற்று விழும். ஓ.எம். 1 போன்ற சிலவற்றில், அரியத்தின் மேலுள்ள பஞ்சு நைந்து அதன் வெள்ளிப் பூச்சையே தின்றுவிடும். பார்வைச் சாளரத்தில் கருந்திட்டுகள் தெரிந்தால் அதனை ஐயுறவேண்டும். கனனின் முதற்காலத்து ஈ.ஓ.எஸ். உடல்கள் சிலவற்றில், உள்ளேயுள்ள இறப்பர்த் துண்டு உருகி ஷட்டர்த் தகடுகளில் பிசினாகப் படியும். தகட்டிற் கரிய கறையைக் கண்டால், அதனை விட்டுவிடுதல் நன்று.

மூன்றாவதாக, ஷட்டர். பின்கதவைத் திறந்து, வில்லையையும் நீக்கி, ஒரு செக்கனில் வைத்து அழுத்துங்கள். ஒன்றென்று நிதானமாக எண்ணி முடிக்கும்போது அது மூடவேண்டும். பின்னர் அரைச் செக்கன், கால் செக்கன் என ஒவ்வொரு படியாக ஏறுங்கள். ஒலி ஒழுங்காகக் குறுகிக்கொண்டே வரவேண்டும். நடுவிலே தயங்கினாலோ, நின்றுவிட்டுத் தொடர்ந்தாலோ, உள்ளிருக்கும் எண்ணெய் உறைந்துவிட்டது என்று அறியலாம். அடுத்து 1/1000 இல் வைத்து, வெளிச்சமான வெண்சுவரை அதனூடாக நோக்கி அழுத்துங்கள். நீள்சதுரம் முழுவதும் கணநேரம் பளிச்சிட வேண்டும். ஒரு பக்கம் இருண்டு தோன்றினால், இரு திரைகளும் ஒரே கதியில் ஓடவில்லை. படத்தின் அப்பக்கம் கறுத்துவிடும். துணித் திரையாயின், மங்கிய அறையில் ஒரு பக்கத்திலிருந்து மின்சூள் ஒளியைப் பாய்ச்சி ஊசித்துளைகள் உளவோ எனப் பாருங்கள். திரையையும் ஆடியையும் விரலால் தொடவே கூடாது.

நான்காவதாக, ஆடி. பொத்தானை அழுத்தியதும் அது உடனே எழுந்து உடனே இறங்கவேண்டும். பென்டாக்ஸ் எல்.எக்ஸ். என்பது 1980 இல் வந்த மிக உயர்ந்த கமரா. ஆயினும், சிலநாள் ஓய்வாயிருந்த பின் அதன் ஆடி ஒட்டிக்கொண்டு தாமதித்து எழுவது பெயர்பெற்ற குறை. ஆதலால், விற்பவர் பத்துத் தடவை இயக்கிக் காட்டியதைப் பார்த்து நம்பாமல், ஓய்விலிருந்த கமராவின் முதலாவது அழுத்தத்தையே கவனித்தல் வேண்டும்.

ஐந்தாவதாக, ஒளிமானி. ஒரே சீராக ஒளிபட்ட சுவரை, நம்பத்தக்க வேறொரு மானியால் அளந்து ஒப்பிடலாம். இன்று தொலைபேசியிலும் ஒளியளக்கும் வசதி கிடைக்கின்றது. எதுவும் இல்லையாயின் வெயில் இருக்கின்றது. முகில் மறைக்காத நண்பகல் வெயிலில், 100 என்னும் உணர்திறனுள்ள படச்சுருளுக்குத் துவாரம் 16 ஆகவும் வேகம் ஏறத்தாழ 1/125 ஆகவும் மானி காட்டவேண்டும் என்பது பழைய விதி. சிறு வேறுபாடு பொறுக்கத்தக்கது. எப்போதும் ஒரே அளவாய்ப் பிழைக்கும் மானியைக்கூடக் கணக்கிற்கொண்டு பாவிக்கலாம். ஒருமுறை ஒன்றும் மறுமுறை மற்றொன்றும் காட்டும் மானியே பயனற்றது.

இச்சோதனைகள் அனைத்திலும் தேறியபின்னும் ஒரு சோதனை எஞ்சியிருக்கின்றது, அதுவே முடிவானது. ஒரு படச்சுருளை அதற்கெனவே ஒதுக்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் துவாரத்தையும் வேகத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரே சுவரை எல்லா வேகங்களிலும் பிடியுங்கள். கடும் வெயிலில் கமராவைச் சிறிது நேரம் வைத்திருந்து ஓரிரு படம் பிடியுங்கள். ஒளி புகும் கீறல் இருந்தால் வெளிப்படும். அண்மையிலுள்ள ஒன்றையும் தொலைவிலுள்ள ஒன்றையும் குவியம் பிடித்துப் பாருங்கள். கழுவி எடுத்த சுருளில், படங்களுக்கிடையேயுள்ள வெளி ஒரே அளவாக இருந்தால் சுருளை நகர்த்தும் பொறி நலம். படங்களின் செறிவு ஒத்திருந்தால் ஷட்டரும் நலம். இயலுமாயின், இச்சோதனை முடியும்வரை திருப்பிக் கொடுக்கும் உரிமையை விற்பவரிடம் கேட்டுப் பெறுங்கள். இச்சோதனையிற் தேறாத கமராவைக் கலியாண வீட்டுக்குக் கொண்டுசெல்லாதீர்கள்.

விலையைப் பற்றியும் கூறவேண்டும். அண்மைக் காலத்திலே சில பெயர்கள் நாகரிகமாகிவிட்டன. பலரும் ஒரே கமராவைத் தேடுவதால் அதன் விலை ஏறுகின்றது; அதற்கு நிகரான மற்றொன்று கவனிப்பாரின்றிக் கிடக்கின்றது. எளிமைக்கெனப் பிறந்த கே 1000 இனைவிட வசதி மிக்க உடல்கள், அதனிலும் குறைந்த விலைக்குக் கிடைப்பதுமுண்டு. எனவே, கையிலுள்ள பணம் முழுவதையும் உடலுக்கே கொட்டாதீர்கள். அதனை மூன்று பங்காக எண்ணுங்கள்: ஒன்று உடலுக்கு, ஒன்று திருத்துநருக்கு, ஒன்று படச்சுருளுக்கு. அறையில் அலங்காரமாய் வைத்த உயர்ந்த கமரா ஒரு படமும் தாராது. மாதம் ஒரு சுருள் காணும் எளிய கமரா, ஆண்டு முடிவில் நானூறுக்கு மேற்பட்ட பாடங்களைக் கற்பித்திருக்கும்.

நம் நாட்டவர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ஈரலிப்பு மிகுந்த நமது காலநிலையில் வில்லைகளிலும் அரியத்திலும் பூஞ்சணம் எளிதிற் பற்றும். வாங்கும்போது, வில்லையையும் பார்வைச் சாளரத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சிலந்தி இழை போன்ற படர்ச்சி உண்டோ என்று பாருங்கள். வாங்கியபின், தோலுறையினுள் இட்டு அலுமாரியின் இருண்ட மூலையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். இறுக மூடும் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நெடுநாள் பாவிக்காவிடின் மின்கலத்தை எடுத்துவிடுங்கள். ஆனால், எல்லாவற்றிலும் சிறந்த காவல், அடிக்கடி எடுத்துப் பாவிப்பதே. ஓடாத பொறி உறைகின்றது. வெளிச்சங் காணாத கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கின்றது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். புதிய உடல் கைக்கு வந்ததும் பழையதை விற்றுவிடாதீர்கள். புதியது நான்கைந்து சுருள்களில் தன் நம்பிக்கையை நிலைநாட்டும் வரையேனும் பழையது அருகில் இருக்கட்டும். விற்கவேண்டிய தேவை இல்லையாயின், படம் பிடிக்க ஆசைப்படும் ஒரு மருமகனிடமோ அயல்வீட்டுப் பிள்ளையிடமோ அதனைக் கொடுத்து, ஒரு சுருளும் வாங்கிக் கொடுங்கள். படச்சுருளைப் பாவிப்போர் இருக்கும்வரையே அதனைச் செய்வோரும் இருப்பர். கமராக்களைத் திருத்துவோரும் இருப்பர். நாம் இன்று பிறர் கையிலிருந்து பெறும் கமரா, நாளை நம் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லவேண்டியதே. அவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கும்போது குறை காணாதவாறு வைத்திருப்பது நம் கடமை.